நூடுல்ஸ் கட்டிக்குள் முட்டைக்கென்று ஒரு குழி... தெரியுமா?

ஜப்பானில் விற்கும் ‘சிக்கின் ராமென்’ பாக்கெட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் நூடுல்ஸ் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு குழி தெரியும். வரும் வழியில் நசுங்கியிருக்குமோ என்று நினைக்காதீர்கள். 2003-ஆம் ஆண்டிலிருந்து அச்சிலேயே அப்படித்தான் வார்க்கிறார்கள். எதற்கு? முட்டைக்கு! கட்டியைக் கிண்ணத்தில் வைத்து, குழிக்குள் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு, ஒரு தட்டைக் கவிழ்த்து மூன்று நிமிடம் மூடி வைக்க வேண்டும். தட்டை எடுத்தால் வெண்மேகத்துக்கு நடுவே மஞ்சள் நிலா! இப்படி முட்டை மிதக்கிற நூடுல்ஸுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயரே ‘ட்ஸுகிமி’, அதாவது நிலாப் பார்த்தல். (அங்கே முட்டையைப் பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே கண்காணித்து விற்கிறார்கள். நம் ஊர் முட்டைக்கு அடுப்பிலேயே மூடி போட்டு நன்றாக வேகவிடுங்கள்.)

குழியைவிட அதைப் போட்டவரின் மனசுதான் எனக்கு வியப்பு. விற்கிறவரே, ‘நான் பாதிதான் செய்திருக்கிறேன், மீதி உங்கள் கையில்’ என்று இடம் விட்டு வைத்திருக்கிறார்! அந்த மீதியை உலகம் எப்படியெல்லாம் நிரப்பியிருக்கிறது என்று தேடப் போனேன். வியப்புக்கு மேல் வியப்பு. அத்தனையையும் நம் வீட்டு அடுப்பில் செய்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய வியப்பு.

முதலில் இதைக் கேளுங்கள். இன்று பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் இந்தப் பாக்கெட், பிறந்தபோது மலிவுப் பொருளே இல்லை, தெரியுமா? தைவானில் 1910-இல் பிறந்த மோமோஃபுகு ஆண்டோ, ஜப்பானின் ஒசாகா பக்கம் இகேதா என்ற ஊரில், வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு இரவு பகலாகப் பாடுபட்டுக் கண்டுபிடித்தது இது. 1958 ஆகஸ்ட் 25 அன்று கடைக்கு வந்தது. விலை 35 யென். அன்றைக்குக் கடையில் ஒரு பங்கு புது உடோன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்தது! ஏறக்குறைய ஆறு மடங்கு விலை கொடுத்து மக்கள் வாங்கினார்கள், ‘மந்திர ராமென்’ என்று பெயரும் வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் நம் நாட்டின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், மக்கள் கை காட்டியது இந்த நூடுல்ஸைத்தான்!

அந்த மந்திரம் என்ன? எண்ணெய்ச் சட்டி! மனைவி டெம்புரா பொரிப்பதை ஆண்டோ பார்த்துக்கொண்டிருந்தாராம். மாவில் தோய்த்த காய் எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று குமிழ் விடுகிறதல்லவா? உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடுகிற சத்தம் அது. நம் வீட்டு பஜ்ஜியும் அதே சத்தம்தான் போடும்! தண்ணீர் ஓடிப்போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகள். ஆவியில் ஏற்கெனவே வெந்துவிட்ட நூடுல்ஸை 150 டிகிரி அளவுள்ள எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரித்தால், ஈரமெல்லாம் போய் உடம்பு முழுக்க ஓட்டையோடு காய்ந்து நிற்கும். அப்புறம் வெந்நீர் பட்டால் ஓட்டை வழியாக உள்ளே பாய்ந்து மறுபடி உயிர் வந்துவிடும். ஆகவே நாம் அடுப்பில் செய்வது சமையலே இல்லை, ஊறவைத்தல்தான்!

அந்தச் சுருள் சுருளான வடிவத்துக்கும் காரணம் உண்டு. மாவை இழை இழையாக வெட்டுகிற உருளை வேகமாகத் தள்ளும், கீழே ஏந்திக்கொள்ளும் பட்டை மெதுவாக நகரும். முண்டியடித்துக்கொண்டு வரும் இழைகள் நெளிந்து நெளிந்து விழும். நெளிவுக்கு இடையே ஆவியும் எண்ணெயும் புகுந்து போகும், ஒன்றோடொன்று ஒட்டாது. நீங்கள் போடும் முட்டையும் மசாலாவும் சிக்கிக்கொள்வதும் அதே நெளிவுக்குள்தான்.

இந்த ஊறல் கதை தெரிந்துவிட்டால் போதும், பாதி வித்தை கைக்கு வந்தாயிற்று. ஓட்டைக்குள் எது போகிறதோ அதுவே ருசி. வெறும் தண்ணீரை ஊறவிட்டுவிட்டு மேலே எதைக் கொட்டினாலும் மேலோடு நின்றுவிடும். முக்கால் வேக்காட்டில் வடித்து, மீதிக் காலை நீங்கள் செய்யும் தாளிப்புக்குள், ரசத்துக்குள், பாலுக்குள் குடிக்க விட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் யார் தெரியுமா?

நம் ஆட்கள்!

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு ‘மாமாக்’ கடை என்று பெயர். நம்முடைய ‘மாமா’தான் அங்கே மாமாக் ஆனார்! கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கடல் தாண்டிப் போனவர்கள் வளர்த்த கடைகள். பல கடைகளில் ராத்திரி, பகல் என்று பேதமே கிடையாது. பரோட்டாவும் தேத்தண்ணியும் ஓடும் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே, பெரிய இரும்புச் சட்டியில் பிறந்ததுதான் ‘மேகி கோரிங்’. கோரிங் என்றால் மலாய் மொழியில் வறுவல்.

எப்படிச் செய்கிறார்கள் பாருங்கள். நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டு, இழை பிரிந்ததும் எடுத்துவிடுவார்கள். ஒரு நொடி கூடுதலாக வேகவிட மாட்டார்கள். சட்டி புகை கக்கும் வரை காய வேண்டும். எண்ணெய், நசுக்கிய பூண்டு, வெங்காயம், மிளகாய் விழுது. விழுதின் பச்சை வாசம் போய் எண்ணெய் பிரிந்ததும் தக்காளி, துண்டு துண்டாகப் பொரித்த டோஃபு, கொஞ்சம் கீரை. எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, காலி இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, பாதி கெட்டியானதும் கிளறுவார்கள். அப்புறம்தான் நூடுல்ஸ், இனிப்பு சோயா, பாக்கெட்டில் வந்த மசாலா. கரண்டி சட்டியில் மோதும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். கடைசியாக ஒரு கை ‘தவ்கே’, அதாவது நீளமாக முளைவிட்ட பயறு, இறக்கும்போதுதான் போட வேண்டும், கடித்தால் ‘நறுக்’ என்க வேண்டும். தட்டு ஓரத்தில் வெள்ளரிக்காயும் ஒரு குட்டி எலுமிச்சையும்.

அந்த எலுமிச்சையை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்! பாக்கெட் மசாலாவில் உப்பு இருக்கிறது, காரம் இருக்கிறது, நாக்கை இழுக்கும் சுவை இருக்கிறது. பழத்தின் புளிப்பும் பச்சை வாசமும் மட்டும் எந்தப் பொடிக்குள்ளும் அடைபடுவதில்லை. நூடுல்ஸ் விஷயத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் எலுமிச்சம்பழத்தைத்தான் வாங்குவேன்.

மாமா என்றதும் நினைவுக்கு வருகிறது. தாய்லாந்திலும் ஒரு ‘மாமா’ இருக்கிறார், தெரியுமா? அங்கே மிகப் பிரபலமான நூடுல்ஸ் பாக்கெட்டின் பெயரே ‘மாமா’! எந்தக் கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் பேச்சு வழக்கில் மாமாதான் என்கிற அளவுக்கு ஊறிப்போன பெயர். அதை வைத்து அவர்கள் ‘யம் மாமா’ என்று ஒரு கலவை செய்கிறார்கள். வெந்த நூடுல்ஸை வடித்து, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, நசுக்கிய பச்சை மிளகாய், பச்சை வெங்காயம், இறால் அல்லது கொத்துக்கறி, கொத்தமல்லித் தழை. அடுப்பைவிட்டு இறங்கிய பிறகுதான் ருசியே சேர்கிறது! வெயில் கொளுத்தும் சித்திரை மத்தியானத்துக்கு இதைவிட ஏற்ற நூடுல்ஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தோனேசியாவில் சாலையோரக் கடையில் போய் உட்கார்ந்து ‘இன்டர்நெட் ஒன்று’ என்று கேட்டால் தட்டில் சாப்பாடு வரும், தெரியுமா? இந்தோமீ நூடுல்ஸ், ‘தெலுர்’ என்ற முட்டை, ‘கோர்னெட்’ என்ற டின் மாட்டிறைச்சி. மூன்று சொல்லிலும் ஒவ்வொரு துண்டு பிய்த்து ஒட்டினால் இன்டர்நெட்! பிலிப்பைன்ஸில் நூடுல்ஸோடு சேர்வது கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை. இலங்கையில் கொத்து ரொட்டியின் மசாலா ருசியிலேயே ‘கொத்துமீ’ என்று பாக்கெட் விற்கிறார்கள், தெருவில் பிறந்த ருசி பாக்கெட்டுக்குள் ஏறிவிட்டது!

இப்போது கொரியாவுக்கு வாருங்கள். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

கொரியப் போர் முடிந்த காலம். நாடே பசியில் கிடக்கிறது. அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியையும் சாசேஜையும், தங்கள் கிம்ச்சியோடும் மிளகாய் விழுதோடும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள் ஊயிஜங்பு என்ற ஊர்க்காரர்கள். ‘புதே ஜிகே’, அதாவது ராணுவ முகாம் குழம்பு! தென் கொரியாவின் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸான ‘சாம்யாங்’ 1963-இல் வந்தது, விலை 10 வோன். அந்தக் கட்டியும் குழம்புக்குள் இறங்கியது. மேலே ஒரு துண்டு சீஸ். இன்று ஊயிஜங்புவில் இதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது! பசிக்குப் பிறந்த சட்டியை அந்த மக்கள் ஒளித்து வைக்கவில்லை, தெருவுக்கே பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

அந்த சீஸ் துண்டுக்குள்ளும் ஒரு ரகசியம். சாதாரண சீஸைச் சூடான சாறில் போட்டால் எண்ணெய் தனியாகவும் திரி தனியாகவும் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும் சதுரச் சீஸ் மட்டும் பாலாடை போலக் கரையும். கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும் உப்புகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் நூடுல்ஸுக்கு விலை உயர்ந்த சீஸ் தேடி அலைய வேண்டாம், அந்தச் சதுரம்தான் சரி. காரம் தலைக்கேறினாலும் அதுவே மருந்து. பாலிலும் சீஸிலும் உள்ள கேசின் என்ற புரதம் மிளகாயின் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

‘பாரசைட்’ படம் பார்த்தவர்களுக்கு அந்த மழை இரவு மறந்திருக்காது. வீட்டு அம்மாள் காரிலிருந்து போன் செய்து, எட்டு நிமிடத்தில் ‘ஜப்பகுரி’ வேண்டும் என்பார்! ஜப்பகெட்டி என்ற கறுப்புச் சோயா விழுது நூடுல்ஸ் ஒரு பாக்கெட், நியோகுரி என்ற காரமான கடல் ருசி நூடுல்ஸ் ஒரு பாக்கெட், இரண்டையும் ஒன்றாக வேகவைத்தால் ஜப்பகுரி. பணக்கார வீடல்லவா, மேலே கொரியாவின் விலை உயர்ந்த ஹான்வூ மாட்டிறைச்சி! வசனங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டார்சி பாக்கெட், வெளிநாட்டாருக்குப் புரியட்டுமென்று ராமெனையும் உடோனையும் சேர்த்து ‘ராம்டோன்’ என்று ஒரு சொல்லையே உருவாக்கினார். 2020-இல் படம் ஆஸ்கர் வாங்கியது, உலகமே இரண்டு பாக்கெட்டைக் கலக்க ஆரம்பித்தது! இதில் கற்றுக்கொள்ள வேண்டியது அளவு. தண்ணீரைச் சில கரண்டி மட்டும் நிறுத்தி வடித்துவிட்டு, ஒன்றின் பொடி முழுசாக, மற்றதன் பொடி பாதி. இரண்டையும் முழுசாகக் கொட்டினால் உப்புக் கரிக்கும்.

ஹாங்காங் தேநீர்க் கடைகளில் காலைப் பலகாரமே நூடுல்ஸும் பொரித்த முட்டையும்தான், தெரியுமா? அங்கே ‘டெமாய் இச்சோ’ என்ற ஜப்பானிய நூடுல்ஸ் வேண்டுமென்றால் கூடுதல் காசு வைக்க வேண்டும். மக்களும் வைக்கிறார்கள்! 1968-இல் பிறந்த அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன பொக்கிஷம்? ஒரு குட்டிப் பொட்டலம் எள்ளெண்ணெய்!

நல்லெண்ணெய் என்றதும் உங்கள் கை எங்கே போகிறது? இட்லிப்பொடி டப்பாவுக்குத்தானே! எனக்கும் அப்படித்தான். அவர்கள் எண்ணெய்க்கும் நம்முடையதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள், நாம் வறுக்காமல் கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டுகிறோம். ஆகவே நம் எண்ணெயில் அந்த வறுத்த வாசம் இராது. ஒரு சிறு கரண்டி எள்ளை வெறும் சட்டியில் படபடக்க வறுத்துத் தட்டிப் போட்டால் வந்துவிடும். வேகவைத்து வடித்த நூடுல்ஸ் சூடாக இருக்கும்போதே நல்லெண்ணெய் இரண்டு கரண்டி, இட்லிப்பொடி ஒன்றரைக் கரண்டி, வறுத்த எள், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம். பாக்கெட் மசாலாவைத் தொடவே வேண்டாம்! சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, வேகவைக்காமலே சாப்பிடலாமா? தாராளமாக! ஏற்கெனவே வெந்து, பொரிந்து வந்ததுதானே. பள்ளிக்கூட பெஞ்சுக்குக் கீழே பாக்கெட்டை நொறுக்கி, பொடியைத் தூவிக் குலுக்கித் தின்றவர்கள் கையைத் தூக்குங்கள்! ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் உடைந்து சிந்திய நூடுல்ஸ் துண்டுகளைச் சேர்த்து, ருசி ஏற்றி, 1959-இலேயே பிள்ளைகளுக்குத் தின்பண்டமாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ‘பேபி ஸ்டார்’ என்று இன்றும் விற்கிறது. நேபாளத்தில் வாய்வாய் என்ற நூடுல்ஸ் 1980-கள் முதல் சக்கைப்போடு போடுகிறது. அதன் கட்டியிலேயே ருசி ஏறியிருக்கும். அதை நொறுக்கி வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை, கொஞ்சம் கடுகெண்ணெய் விட்டுப் பிசறினால் ‘சாதேகோ’. நம் ஊர் மசாலாப் பொரியின் ஒன்றுவிட்ட தம்பி! நான் இதில் கடற்கரைச் சுண்டல்காரரை நினைத்துக்கொண்டு மாங்காயும் தேங்காயும் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவேன். பிசறிய கையோடு சாப்பிட வேண்டும், பத்து நிமிடம் போனால் சொதசொதத்துவிடும்.

அமெரிக்கச் சிறைகளில் நூடுல்ஸ் பாக்கெட்தான் நாணயம், தெரியுமா? அங்கே ஒரு சிறையில் கைதிகளோடு பேசி ஆராய்ந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. சிறைச் சாப்பாடு தரத்திலும் அளவிலும் குறையக் குறைய, சிகரெட் இருந்த இடத்துக்கு நூடுல்ஸ் பாக்கெட் வந்துவிட்டது என்றது. அடுப்பு கிடையாது, சட்டி கிடையாது, கத்தி கிடையாது. பலர் ஆளுக்கொரு பொருளாகக் கொண்டுவந்து, நொறுக்கிய நூடுல்ஸ், சிப்ஸ், சாசேஜ் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, பையைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டாஞ்சோறு தயார். ‘ஸ்ப்ரெட்’ என்பது அதன் பெயர். இதைப் பற்றியே 2015-இல் ஒரு சமையல் புத்தகமும் வந்தது. நம் வீட்டில் அஞ்சறைப்பெட்டியும் ஃபிரிட்ஜும் வைத்துக்கொண்டு ‘ஒன்றுமில்லையே’ என்று நிற்கிறோமே என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? பல பாக்கெட்டுகளில் சின்ன எழுத்தில் 627, 631, 635 என்று எண்கள் இருக்கும். அந்த எண்களுக்குள் ஒரு கடல் கதை ஒளிந்திருக்கிறது! 1908-இல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் ஷிண்டாரோ கொதாமா, உலர்த்திய மீனுக்குள் இனோசினேட் இருப்பதைக் கண்டுபிடித்தார். 631 அதுதான்! உலர்ந்த ஷிடாகே காளானில் உள்ளது 627. இரண்டும் கலந்தது 635. இவற்றில் ஒன்று குளுட்டமேட்டோடு சேர்ந்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது!

கொதாமா ஆராய்ந்த அந்த உலர்ந்த மீன் எது தெரியுமா? ஜப்பானியர் ‘கட்சுவோபுஷி’ என்று சீவித் தூவும் அது, சூரை மீன் இனத்தில் ஒன்று. வேகவைத்து, புகை போட்டு, கல் மாதிரி காயவைத்தது. அதே மீனை, ஏறக்குறைய அதே முறையில் வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து மாலத்தீவுக்காரர்கள் செய்வதுதான் நம் மாசி! தூத்துக்குடியிலும் கொழும்பிலும் சம்பலில் இடித்துப் போடுகிற அதே மாசிக் கருவாடு! தக்காளியில் குளுட்டமேட், மாசியில் இனோசினேட். இரண்டையும் சேர்த்துச் சமைத்த நம் கடற்கரைப் பாட்டிமார், வேதியியலாளர்கள் கண்டுபிடிக்கும் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள்!

அதனால் இதைச் செய்து பாருங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கிள்ளிய மிளகாய் வற்றல், கறிவேப்பிலை. நன்கு பழுத்த தக்காளி இரண்டு, குழையட்டும். இடித்த மாசித்தூள் ஒரு கரண்டி. ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுத் தளதளவென்று கொதித்ததும் நூடுல்ஸ். பாக்கெட் மசாலா கால் பங்குக்கு மேல் தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது. நூடுல்ஸில் உப்பு பெரும்பாலும் அந்தப் பொட்டலத்துக்குள்தான். மாசியோ, ரசமோ, இட்லிப்பொடியோ சேர்க்கிறபோது பொட்டலத்தைப் பாதியாகவோ காலாகவோ குறைப்பது என் வீட்டில் சட்டம். மீதிப் பொடியை வீணாக்க வேண்டாம், உருளைக்கிழங்கு வறுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரசம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்றைய ரசம் ஒரு கிண்ணம் மிஞ்சியிருந்தால் அதுவே சூப். நூடுல்ஸைத் தனியே முக்கால் வேக்காடு வைத்து வடித்து, ரசம் நுரை கட்டும்போது உள்ளே விட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதி வேக்காட்டை ரசமே பார்த்துக்கொள்ளும். மிளகும் புளியும் ஓட்டைக்குள் ஏறி நிற்கும். சளி பிடித்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்!

நியூயார்க்கில் 2013-இல் கெய்சோ ஷிமாமோட்டோ என்பவர் பர்கருக்கு ரொட்டிக்குப் பதில் நூடுல்ஸையே வைத்துக் கொடுத்தார், வரிசை தெருவை வளைத்து நின்றது. வெந்த நூடுல்ஸை முட்டையில் பிசறி, கிண்ணத்தில் அழுத்தி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வைப்பதுதான் சூத்திரம். நம்மிடம்தான் தோசைக்கல் இருக்கிறதே! வட்டமாகப் பரப்பி, மூடி போட்டு, ஓரத்தில் எண்ணெய் விட்டுத் திருப்பினால் நூடுல்ஸ் அடை. ஓரம் மொறுமொறு, நடு மெத்து. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் மேலே ஒரு கலக்கி ஊற்றிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஊட்டியில் நூடுல்ஸ் இரண்டு நிமிடத்தில் வேகாது, தெரியுமா? கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. மூடி போட்டுக் கூடுதலாக ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். விண்வெளியில் இன்னும் மோசம், அங்கே கிடைத்த வெந்நீரே 70 டிகிரிதான்! 2005-இல் டிஸ்கவரி விண்கலத்தில் போன சோயிச்சி நொகுச்சிக்காக, அந்தச் சூட்டிலேயே ஊறுகிற மாதிரி, வாய்க்குள் போகும் அளவில் உருண்டையாக நூடுல்ஸ் செய்து அனுப்பினார்கள். சாறு பறந்து போகாமல் இருக்கக் கெட்டியாக வேறு! அப்போது ஆண்டோவுக்கு வயது 95.

யோகோஹாமாவில் நூடுல்ஸுக்கென்று 2011-இல் திறந்த அருங்காட்சியகத்தில், உங்கள் கோப்பையை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம். சூப் நான்கு வகை, மேலே போட 12 பொருள், அதில் நான்கு எடுக்கலாம், ஒன்றையே இரண்டு மூன்று முறையும் எடுக்கலாம். மொத்தம் 5,460 விதம் என்கிறார்கள். நான் பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது! மேலே போடும் பொருளில் மட்டும் 1,365 விதம், அதைச் சூப் வகை நான்கால் பெருக்க வேண்டும்.

கணக்குப் போட்ட கையோடு எங்கள் வீட்டு அலமாரியையும் எண்ணினேன். முட்டை, மாசி, இட்லிப்பொடி, வேர்க்கடலை, எள், நல்லெண்ணெய், எலுமிச்சை, தக்காளி, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்கீரை, முளைகட்டிய பயறு, தேங்காய்ப்பால், மிளகு, சீஸ், மாங்காய், நேற்றைய ரசம். இருபது! ஒரு தடவைக்கு நான்கு என்று வெவ்வேறாக எடுத்தால் 4,845 விதம். தினம் ஒன்று என்று வைத்தாலும் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் திரும்ப வராது! இன்றைக்கு முருங்கைக்கீரை, பூண்டு, மிளகு, முட்டை. கீரையை ஆய்ந்து வைத்துவிட்டேன், தண்ணீர் கொதிக்கிறது.